வாசலுக்கு முதுகு

ஆவணி பிறந்த முதல் வியாழக்கிழமை, காலை ஆறேகாலுக்குத் திருச்சியில் மதுரை வண்டி ஏறினோம். நானும் செல்வியும். செல்வி என் மசாஜ் அறையில் பல ஆண்டுகளாக என்னோடு வேலை பார்ப்பவள். எண்ணெய் காய்ச்சுவதிலிருந்து வருகிறவர்களின் புலம்பலைக் கேட்பது வரை எல்லாம் அவள் பொறுப்பு. டிக்கெட் ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். என் மடியில் இருந்த பையில் மூன்று பாட்டில் எண்ணெய். மேலூர் தாண்டும்போதுதான் ஒரு பாட்டில் கசிந்து என் நல்ல புடவை பாழாய்ப்போனது தெரிந்தது. எண்ணெய்க்காரிக்கு எண்ணெய்ப் புடவைதான் பொருத்தம் என்றாள் செல்வி. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

போவது அவளுடைய அக்கா மாரியம்மாளைப் பார்க்க. ஊர் தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பக்கம். மாரியம்மாள் பன்னிரண்டு வருடம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தப் பக்கத்தில் அதைப் பயர் ஆபீஸ் என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் இரண்டு அறை தள்ளி வெடித்தது. அவர் ஓடினார், விழுந்தார், பிழைத்தார். மேலே ஒரு பொறிகூடப் படவில்லை. விழுந்த அடியும் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. வலி மட்டும் ஆறவில்லை. வலது தோளில் தொடங்கிக் கழுத்துக்கு ஏறி, தோள்பட்டைக்கு அடியில் போய்க் குடியிருக்கிறது.

மதுரையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பும் நரம்பும் நன்றாக இருக்கின்றன, ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார். நானும் அந்தப் படங்களைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த நல்ல செய்தி ஊருக்குப் போய்ச் சேரும்போது 'ஒண்ணுமில்லை' என்று ஆகிவிட்டது. ஒன்றுமில்லாமல் அனத்துகிறவளுக்கு ஊர் வைத்த பெயர் நடிப்புக்காரி. சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்து, உட்கார முடியாமல் மூன்றாம் நாளே திரும்பியிருக்கிறார். இப்போது சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில், காலண்டருக்குத் தினசரித் தாள் அடுக்கும் வேலை. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போட்டாகிவிட்டது, ஆர்டர் குவிகிறது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். இங்கேயும் அப்படிப் பாதியில் எழுந்து போனால் இனி வராதே என்று பிரஸ்ஸின் மேஸ்திரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

அதனால்தான் இந்தப் பயணம். நாலு நாள் இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கையை நம்பித்தான் சோறு தின்கிறேன். நம்பிக்கை இருக்காதா எனக்கு?

மாட்டுத்தாவணியில் டீ குடித்துவிட்டுச் சிவகாசி வண்டி பிடித்தோம். அங்கிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். விருதுநகரில் வண்டி பத்து நிமிடம் நின்றது. பருத்திக்காடும் சீமைக் கருவேலமுமாக மாறி மாறி வந்து, திருத்தங்கல் தாண்டியதும் சுவரெல்லாம் பட்டாசுக் கடை விளம்பரம். சிவகாசியில் இறங்கி டவுன் பஸ் மாறினோம். அந்தப் பாதையில்தான் பயர் ஆபீஸ்களை முதல்முதலாகப் பார்த்தேன். நான் நினைத்திருந்தது பெரிய கட்டடம், புகைபோக்கி. அங்கே இருந்ததோ கரிசல் வெளியில் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள், நடுநடுவே வேப்பமரம். ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிரே கதவு, எல்லாம் திறந்தே கிடந்தன. ஏன் இத்தனை கதவு என்று செல்வியைக் கேட்டேன்.

"எந்தப் பக்கம் வெடிச்சாலும் ஓடணும்ல?" என்றாள், பூக்கடையில் விலை சொல்வதுபோல.

மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாரியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். முப்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, செல்வியின் அதே மூக்கு. "வாங்க டாக்டரம்மா, சாப்பிட்டீகளா?" என்றார். நான் டாக்டர் இல்லை, நீவிவிடுகிறவள்தான் என்று சொன்னேன். அப்படியானால் அக்கா என்றே கூப்பிடுகிறேன் என்றார். கருவாட்டுக் குழம்பும் அவித்த முட்டையும் பரிமாறினார். அவர் கணவர் கருப்பசாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல மனிதர், ஆனால் அலுத்துப்போனவர். கை கழுவ வெளியே போனபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"மூணு ஆஸ்பத்திரி பாத்தாச்சும்மா. ஒண்ணுமில்லைன்னுட்டாக. ஒண்ணுமில்லாததுக்கு இம்புட்டு அனத்துனா மனுசன் என்ன செய்வான்?"

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

அன்று மாலையே வேலையைத் தொடங்கினேன். என் திருச்சி அறை மாதிரியே எல்லாம் செய்தேன். உள் அறை, சாத்திய கதவு, மூடிய ஜன்னல், மங்கிய வெளிச்சம், இளஞ்சூட்டில் நல்லெண்ணெய். குப்புறப் படுக்கவைத்துத் தோளில் கை வைத்தால், பலகை. சதையா அது? கழுத்தடியிலிருந்து மெல்ல நீவினேன், கட்டைவிரலால் அழுத்தினேன், ஒத்தடம் கொடுத்தேன். மூச்சை விடச் சொன்னேன், உடம்பைத் தளர விடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை இரண்டு வேளையும் அதே கதைதான். தளர விடு, தளர விடு என்று நான் அதட்ட அதட்ட, அந்தத் தோள் இன்னும் இறுகியது. எனக்கு எரிச்சல் வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் திட்டு விழும். எண்ணெய் சூடு பத்தவில்லை என்று செல்வியை ஒரு பாடு திட்டித் தீர்த்தேன்.

அன்று சாயங்காலம் மனசு மாறட்டும் என்று மூன்று பேரும் சிவகாசிக்குப் பரோட்டா தின்னப் போனோம். எண்ணெயில் பொரித்து மொறுமொறுவென்று வருகிறது. இதற்காகவே இன்னொரு தடவை வரலாம். திரும்பும்போது டவுன் பஸ் காலியாக இருந்தது. ஜன்னலோரம் அத்தனை இடம் கிடக்க, மாரியம்மாள் பின்படிக்கட்டை ஒட்டிய சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். ஒரு கால் வழியில் இருந்தது. உள்ளே தள்ளி வசதியாக உட்காருங்கள் என்றேன். இங்கனயே இருக்கேன்க்கா என்றார். கண்டக்டர் இரண்டு தடவை அந்தக் காலைத் தாண்டிப் போனார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பயர் ஆபீசில் எப்படி உட்கார்ந்து வேலை செய்வீர்கள், கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்டேன். தோளுக்கு எந்தப் பக்கம் பளு விழுந்திருக்கும் என்று பார்க்கத்தான் கேட்டேன். மாரியம்மாள் எழுந்திருக்கப் போனார். பிறகு குனிந்து தன்னையே பார்த்தார். சிரித்துவிட்டார்.

"இந்தா, இப்படித்தேன்," என்றார்.

இடது காலை மடக்கி, வலது காலைத் தரையில் ஊன்றி, உடம்பை வலப்பக்கம் வாசலுக்குத் திருப்பி, முகத்தை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருந்தார். வந்த நாளிலிருந்து அவர் அப்படித்தான் உட்காருகிறார். சோறு போடும்போதும் அப்படித்தான், டிவி பார்க்கும்போதும் அப்படித்தான், பஸ்ஸிலும் அப்படித்தான். வேலை போய் மூன்று வருடம் ஆகிறது, அந்த உட்காரல் போகவில்லை.

"செருப்புப் போட மாட்டோம்க்கா. கண்ணு கையில இருக்கும், காது பக்கத்து ரூம்ல இருக்கும், காலு வாசல்ல இருக்கும். அன்னைக்கு நான் ஓடிப் பொழச்சதே அதனாலதான?"

கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தேன். உயிரைக் காப்பாற்றிய உட்காரல் அது. அதை எந்த உடம்பு லேசில் விடும்? காவலுக்கு நின்ற ஆளிடம், ஆபத்து போய்விட்டது, நீ வீட்டுக்குப் போ என்று யாருமே சொல்லவில்லை. மூன்று வருடமாக இரவும் பகலும் அந்தத் தோள் காவல் நிற்கிறது. வலிக்காமல் என்ன செய்யும்? அப்படிப்பட்டவரைத்தான் நான் கதவைச் சாத்தி, இருட்டாக்கி, வாசல் தெரியாமல் குப்புறப் போட்டு, தளர விடு என்று அதட்டிக்கொண்டிருந்தேன்! நல்ல வைத்தியம்தான்!

கட்டிலைத் தூக்கி முற்றத்தில் போடச் சொன்னேன். மறைப்புக்குச் சுற்றிலும் கொடி கட்டிப் புடவைகளைத் தொங்கவிட்டோம். தெருப்பக்கம் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விட்டு, அங்கே கருப்பசாமியை வெளியே பார்த்து உட்காரவைத்தேன். லோடு இருக்கிறது என்று முனகினார். இருக்கட்டும், உட்காருங்கள் என்றேன். மாரியம்மாளின் தலைமாட்டைத் தெருவைப் பார்த்து வைத்து, தாடையைத் தலையணையில் ஏற்றி, கண்ணைத் திறந்தே வைத்திருங்கள் என்று சொன்னேன். தளர விடு என்ற வார்த்தையை மட்டும் நான் எடுக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் பலகை பலகையாகவே இருந்தது. பிறகு கழுத்தடியில் ஓர் இடம், என் கட்டைவிரலுக்குக் கீழே, ஊறவைத்த புளி மாதிரி இளகியது. அதைத் தொட்டு அடுத்த இடம். மாரியம்மாள் முதலில் தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு எண்ணவில்லை. பிறகு ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது அவளுக்கு. கருப்பசாமி திரும்பிப் பார்த்தார்.

"பகல்ல இவ தூங்கி நான் பாத்ததே இல்லம்மா," என்றார். லோடு பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றியது அல்ல. "அப்ப நான் நடிக்கலையாக்கா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் அல்ல. கருப்பசாமிக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்: "வலிக்குதுன்னா வலி இருக்கு. பொய் இல்லை. ஆனா வலிக்கிற இடத்துல எல்லாம் காயம் இருக்கணும்னு இல்லை. உங்க காயம் என்னைக்கோ ஆறிடுச்சு மாரியம்மா. உடம்புக்கு அது தெரியலை, இன்னும் காவல் காக்குது. அதுக்குப் பழக்கித்தான் சொல்லணும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார். கருப்பசாமி எழுந்து, டீ வாங்கிவருகிறேன் என்று தூக்குப்போணியோடு போனார். திரும்பி வந்தபோது டீயோடு ஒரு பொட்டலம் பக்கோடாவும் இருந்தது. அதை மாரியம்மாளின் மடியில் வைத்தார். அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு.

ஞாயிறு முழுக்கப் பழக்கம். கொஞ்சம் நீவல், கொஞ்சம் கழுத்தைத் திருப்புதல், பிறகு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருதல். சொல்வதற்கு என்னவோ சின்ன வேலைதான். முதல் தடவை ஐந்து நிமிடத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது, தோள் காதைத் தொட்டது. இவுக வாசல்ல இருந்தா உக்காருவேன் என்றார். கருப்பசாமி படியில் உட்கார்ந்தார். மாரியம்மாள் பழைய செய்தித்தாளைக் கிழித்து, காலண்டர் தாள்போல அடுக்கி அடுக்கி வைத்தார். கழுத்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் படியிலிருந்து குரல் வரும்: "இருக்கேன் புள்ள, இருக்கேன்." பொழுது சாய்வதற்குள், அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில் ஒரு முழுப் படம் ஓடி முடியும் வரை, முதுகைக் காட்டியே உட்கார்ந்துவிட்டார். வலி போய்விட்டதா என்று கேட்டாள் செல்வி.

"போகல. ஆனா முன்ன மாதிரி மெரட்டல," என்றார் மாரியம்மாள். நாலு நாள் வேலைக்கு இதைவிட நல்ல பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. நாள்பட்ட வலியை ஒரே தடவலில் எடுத்துவிடுவேன் என்கிறவர் யாராக இருந்தாலும் நான் நம்புவதில்லை.

திங்கட்கிழமை. லோடு ஆட்டோவில் எல்லோரும் சிவகாசி போனோம். மாரியம்மாளும் செல்வியும் முன்னால், நான் பின்னால் அட்டைக் கட்டுகளுக்கு நடுவே. பிரஸ் ஒரு சந்துக்குள் இருந்தது, மை வாசனை மூக்கைத் துளைத்தது. மாரியம்மாளுக்குக் கொடுத்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. வரிசையாகப் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி இடம் இவருக்கு, ஷட்டருக்கு நேர் முதுகு. இடம் மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். எல்லோருக்கும் ஒரே வரிசைதான் என்றார் மேஸ்திரியம்மா. அவர் சொல்வதும் நியாயம்தான். மாரியம்மாள் உட்கார்ந்தார். கருப்பசாமி ஷட்டர் படியில் உட்கார்ந்தார். எங்கள் வண்டிக்கு நேரம் இருந்ததால் நானும் செல்வியும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம்.

ஒரு மணி நேரம் போயிருக்கும், கருப்பசாமியின் செல்போன் அடித்தது. ஆனைக்குட்டத்துக்கு லோடு, உடனே வா என்று. டீக்கடைக்கு வந்து என் முகத்தைப் பார்த்தார். போய் அவளிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். சொன்னால் மாரியம்மாளும் கூடவே எழுந்துவிடுவார் என்று தோன்றியது. சொல்லாமல் போங்கள் என்றேன். ஆட்டோ கிளம்பிப் போனது. படி காலி. சொன்னது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது ஊருக்கு வெளியே எங்கேயோ பட்டாசைச் சோதித்துப் பார்த்தார்கள் போலிருக்கிறது, ஒரு பெரிய சத்தம். சிவகாசியில் அதற்கெல்லாம் யாரும் திரும்புவதில்லை. மாரியம்மாளின் வலது தோள் விருட்டென்று காதுக்கு ஏறியது. அந்தத் தோளை எனக்கு நாலு நாளாகத் தெரியும். சந்தின் இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். வலது கால் தரையில் ஊன்றியது. திரும்பினார். படியில் யாரும் இல்லை.

செல்வி எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

மாரியம்மாள் காலிப் படியை ஒரு கணம் பார்த்தார். முகத்தில் திகைப்பு இல்லை, அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஊன்றிய காலை இழுத்து மடக்கினார். சுவர்ப் பக்கம் திரும்பி அடுத்த தாள்கட்டை எடுத்தார். தோள் உடனே இறங்கிவிடவில்லை. தாள் அடுக்க அடுக்க, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாங்கள் சொல்லிக்கொள்ளாமலே வண்டிக்குக் கிளம்பினோம்.

திருச்சி வந்ததும் என் அறையில் கட்டிலைத் திருப்பிப் போட்டேன், படுத்தால் கதவு தெரியும்படி. அங்கே போவதற்கு முன்பு, இருட்டும் அமைதியும் எல்லோருக்கும் சுகம் என்று நினைத்திருந்தேன். இப்போது வருகிறவர்களிடம், எங்கே வலிக்கிறது என்பதற்கு முன்னால், எந்தப் பக்கம் பார்த்துப் படுக்கப் பிரியம் என்று கேட்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அந்த வாரக் கடைசியில் செல்வி அக்காவுக்குப் போன் போட்டாள். வேலை தொடர்கிறதாம். வலி வருகிறது, போகிறது, இவரும் எழுந்து நடந்துவிட்டு மறுபடி உட்காருகிறாராம். மேஸ்திரியம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். நான் போனை வாங்கி, அன்றைக்குக் கருப்பசாமியைச் சொல்லாமல் போகவைத்தது நான்தான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அவுக ஆட்டோ சத்தம் எனக்குத் தெரியாதாக்கா? கெளம்புனப்பவே கேட்டுட்டேன். போகட்டும்னுதான் உக்காந்திருந்தேன்."