பின் இருக்கைக்குக் கீழே

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்குப் பொறுமை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது. மஞ்சள் விளக்கு விழுந்தால் மற்றவர்கள் ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள். இவர் பிரேக்கை மிதிப்பார். பின்னால் வருகிறவன் தலையை நீட்டி வைதால், வாழ்த்து வாங்கிக்கொண்டவர் மாதிரி கையை உயர்த்திக் காட்டுவார்.

"அண்ணன் வண்டியில பிரசவத்துக்குக் கிளம்பினா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கத்தான் போய் இறங்குவாங்க" என்று ஸ்டாண்டில் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வண்டி மூன்று கை மாறி அவரிடம் வந்தது. சாம்பல் நிறம். பின் கதவின் உள்கைப்பிடி உடைந்து, வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். இருக்கை உறைகளை அவர் மனைவி தைத்திருந்தாள். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறவள். சீருடையில் மிஞ்சிய நீலத் துணியும் வெள்ளைத் துணியும்தான் உறையானது. ஏறுகிறவர்கள் ஏதோ வகுப்பறைக்குள் வந்துவிட்டது போல அடக்கமாக உட்காருவார்கள்.

ஒரு கடுங்காய்ச்சலில் அவருக்கு மூக்கு போயிற்று. காய்ச்சல் இறங்கியது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் அடுப்பில் பால் தீய்ந்து, தெருவே வந்து எட்டிப் பார்த்தது. இவர் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. ஸ்டாண்டில் யாரிடமும் சொல்லவில்லை. இதில் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

பிறகு ஒருநாள் துணி துவைக்க எடுத்தவள் முகம் சுளித்தாள்.

"உங்க சட்டையில ஒரே பெட்ரோல் நாத்தம்."

"டிரைவர் சட்டையில பின்ன ரோஜாப்பூ வாசமா வரும்?"

அதே வாரம் சவாரி வந்த ஒருவர் பாதி வழியில் இறங்கிக்கொண்டார். "அண்ணே, உள்ள உக்கார முடியல. எங்கயோ பெட்ரோல் கசியுது, பாருங்க" என்றார். இவர் பின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். ஈரம் இல்லை, கறை இல்லை. முகர்ந்து பார்த்தால் வெறும் காற்று.

ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினான். டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. அதில் மயிரிழை மாதிரி நாலைந்து விரிசல்.

"வண்டி ஆடுறப்ப இது வழியா ஆவி வருதுண்ணே. டேங்க்கை நிரப்பினா பெட்ரோலே வரும். இந்த மாடல் எல்லாத்துலயும் இதே கதைதான். கம்பெனியே எல்லா வண்டியையும் திரும்பக் கூப்பிட்டிருக்கான். போங்க, சும்மாவே மாத்தித் தருவாங்க."

கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கண்ணாடிச் சுவர், ஏசி, முகம் பார்க்கலாம் போலப் புது வண்டிகள். இவருடைய வண்டியை வாசலிலேயே ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தாள்.

"ஆமா சார், உங்க வண்டியும் இதுல இருக்கு. ஆனா பழைய மாடலுக்குப் பார்ட் இன்னும் வரலை. வந்ததும் கூப்பிடுறோம். அதுவரைக்கும் பாதி டேங்க்குக்கு மேல போடாதீங்க. வெட்டவெளியில நிறுத்துங்க. வாசனை வந்தா ஓட்டாதீங்க."

"எனக்கு வாசனை தெரியாதும்மா."

அவள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "வீட்டுல யாரையாவது பார்க்கச் சொல்லுங்க சார். கொஞ்சம் பொறுமையா இருங்க."

தன் பட்டப்பெயர் அவருக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கசந்தது.

மெக்கானிக் விரிசல் மேல் பசை பூசிக் கொடுத்தான். பெட்ரோல் அந்தப் பசையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தான். அன்றிலிருந்து மனைவிக்குப் புது வேலை வந்து சேர்ந்தது. காலையில் ஈரத் தலையோடு தெருவுக்கு வருவாள். பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு இழுத்து முகர்வாள். "போகலாம்" என்றால் போவார். "இன்னைக்கு வேண்டாம்" என்றால் வண்டி மெக்கானிக்கிடம் போகும். அன்றைய பிழைப்பு அவ்வளவுதான்.

"போலீஸ் நாய்க்குக்கூட வேலை முடிஞ்சா பிஸ்கட் போடுவாங்க. எனக்கு என்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவர் உள்ளே போய் பிஸ்கட் பாக்கெட்டையே எடுத்து வந்து நீட்டினார். தெருவில் நின்று இரண்டு பேரும் சிரித்தார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு கேஸ் சிலிண்டரும் கரண்ட் பில்லும் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சு ஓடியதில்லை. இப்போது காலையில் ஐந்து நிமிஷம் வண்டியருகே நின்று ஏதாவது பேசினார்கள். அவள் கதவைச் சாத்திய பிறகும் சாவியைப் போடாமல் அவர் கொஞ்ச நேரம் தாமதிப்பார்.

அவருடைய நிரந்தர சவாரி ஒரு வயதான அம்மா. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெலிபோன் அம்மா என்றுதான் இவர் குறிப்பிடுவார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும். வண்டி வேகமாகப் போனால் அவருக்கு வயிற்றைப் புரட்டும் என்பதால், அவர் மகன் தேடிப் பிடித்து இவரை அமர்த்தியிருந்தார். பேச்சுக்கு நடுவே இருமல் வந்தால், "லைன்ல இருங்க" என்று விரலை உயர்த்துவார் அந்த அம்மா. இருமி முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

மறைக்க மனமில்லாமல் வண்டியின் கோளாறை அவரிடம் சொன்னார் பொறுமை. "உங்களுக்கு வாசனை ஏதாவது வருதாம்மா?"

"எனக்கு நோய் வந்ததிலிருந்து எல்லாமே இரும்பு வாசனைதான் தம்பி. எனக்குள்ளயும் எத்தனையோ பார்ட் போயிடுச்சு. என்னை எந்தக் கம்பெனி திரும்பக் கூப்பிடுது, சொல்லுங்க?"

சொல்லிவிட்டு அம்மாவே சிரித்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டேங்கர் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்கள் என்று ஒருநாள் சாயங்காலம் வதந்தி கிளம்பியது. பங்க் வாசலில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. இவரும் வரிசையில் நின்றார். பாதி டேங்க் எத்தனை நாள் வரும்? ஒரு முறை டயாலிசிஸ் தவறினாலே டெலிபோன் அம்மாவுக்கு மூச்சு முட்டும். பங்க் பையன் "எவ்வளவு சார்?" என்று கேட்டபோது, "ஃபுல் பண்ணு" என்று வாய் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கண் சிவந்து நீர் கோத்திருந்தது. வழக்கம்போலக் குனிந்து, தலையை உள்ளே விட்டு, வெளியே எடுத்தாள்.

"ஒண்ணுபில்ல. போகலாப்."

மூக்கடைப்பில் 'ம்' எல்லாம் 'ப்' ஆகியிருந்தது. அது அவர் காதில் விழுந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். எதிர்வீட்டு ஆளைக் கூப்பிட்டு முகரச் சொல்லியிருக்கலாம். மெக்கானிக் கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. டெலிபோன் அம்மா இந்நேரம் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். வண்டியைக் கிளப்பினார்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது, களைப்பில் அம்மா கால்களை இருக்கையில் நீட்டி, போர்வையை மூடிக்கொண்டு தூங்கிவிட்டார். பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. பக்கத்தில் பைக்கில் நின்றவன் திடீரென்று கண்ணாடியைத் தட்டினான்.

"அண்ணே! பின்னாடி புகை! இறங்குங்க!"

கண்ணாடியில் பார்த்தார். இருக்கையின் ஓரத்தில் நீலமாக ஏதோ நெளிந்தது. இறங்கி, சுற்றி ஓடி, பின் கதவைத் திறப்பதற்குள் அது மஞ்சளாக எழும்பிவிட்டது. அம்மா விழித்துக்கொண்டு உள்ளிருந்து கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார். கைகளை நெருப்புக்குள் விட்டு அவரை அப்படியே வாரி எடுத்தார். போர்வை உருகிக் காலோடு ஒட்டியிருந்தது. தூக்கிக்கொண்டு பாலத்தில் ஓடினார். யாரோ தண்ணீர் கேனைக் கவிழ்த்தார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். பின்னால் டயர்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. வாழ்நாளில் அவர் வேகமாகப் போனது அந்த ஒரு முறைதான்.

அவருடைய இரண்டு கைகளுக்கும் முழங்கை வரை கட்டுப் போட்டார்கள். அந்த வாரக் கடைசியில் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. மனைவிதான் எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"சார், உங்க வண்டிக்குப் பார்ட் வந்திருக்கு. எப்போ எடுத்துட்டு வர்றீங்க?"

"எதைம்மா?"

அந்தப் பெண் வண்டி நம்பரைச் சொன்னாள்.

"அது எரிஞ்சு போச்சும்மா."

அவள் மெதுவாக, "உள்ள யாரும் இல்லையே சார்?" என்றாள். அவர் போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி போனை அணைத்தாள்.

கம்பெனியிலிருந்து இருவர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். வெளியாளை வைத்துப் பசை பூசியது ஏன் என்று கேட்டார்கள். டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்று கேட்டார்கள்.

"பாதி" என்றார்.

மனைவி தேநீர் டம்ளர்களோடு பக்கத்தில் நின்றிருந்தாள். அவர்கள் போன பிறகு, மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தவள் தைக்காமல் அழ ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு எனக்கு மூக்கே அடைச்சிருந்துச்சுங்க. ஒண்ணும் தெரியல. சொன்னா அந்த அம்மாவுக்கு நேரம் தவறிடுமேன்னு போகலாம்னுட்டேன். நான்தான் பண்ணினேன் எல்லாத்தையும்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "விடு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டில் கை வைக்கும்போதும் அழுதாள், சட்டைக்குப் பட்டன் வைக்கும்போதும் அழுதாள். "விடு" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் டெலிபோன் அம்மாவைப் பார்த்தார். கட்டிலில் பாதியாகக் கிடந்தார் அவர். "வண்டி போயிடுச்சாமே தம்பி. இனி பிழைப்புக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். பொறுமை கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அழாதீங்க, நர்ஸு வந்து உங்களைத் துரத்திடும்" என்று சொல்லிவிட்டு, அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாவின் புண் ஆறவில்லை. மழை பிடித்துக்கொண்ட நாட்களில் ஒரு காலையில் அவர் போய்விட்டார். "கிட்னியா, தீக்காயமான்னு டாக்டரே தெளிவா சொல்லலை" என்றார் மகன். இவர் கையைப் பிடிக்க வந்தவர், கட்டைப் பார்த்து, தோளைத் தொட்டுவிட்டுப் போனார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தார். மனைவி மறுபடி அதையே தொடங்கினாள்: "நான் மட்டும் அன்னைக்கு..."

"உனக்கு மூக்கு அடைச்சிருந்தது எனக்குத் தெரியும்" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"குரல்லயே தெரிஞ்சுச்சு. தெரிஞ்சுதான் போனேன். டேங்க்கும் பாதி இல்ல. முந்தின நாளே ஃபுல் பண்ணியிருந்தேன்."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"நான் இத்தனை நாளா அழறதைப் பார்த்துட்டே இருந்தீங்களே. ஏன் சொல்லலை?"

"நீ அழறப்ப எனக்குப் பாரம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு."

அவள் எழுந்து போய்க் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து, மெஷினில் உட்கார்ந்து, பாதியில் நின்ற காலரைத் தைத்து முடித்தாள். அதற்குப் பிறகு அவள் அழவில்லை. அவரிடம் பேசவும் இல்லை. மகள் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனாள். நாளாக நாளாகப் பேச்சு வந்தது. சிலிண்டர் தீர்ந்தது, கரண்ட் பில் வந்தது என்கிற அளவுக்கு.

ஸ்டாண்ட்காரர்கள் பேசி, ஒரு பெரிய கடையின் வண்டி நிறுத்தத்தில் அவருக்கு வேலை வாங்கித் தந்தார்கள். கை விரல்கள் முழுசாக மடங்காது. ஸ்டியரிங் பிடிக்க ஆகாது. சீட்டு வாங்கிக்கொண்டு, கயிற்றை இழுத்து வாசல் தடுப்பைத் தூக்கிவிடுவதுதான் வேலை.

அந்த மாடல் வண்டிகள் அங்கேயும் வந்தன. பெயின்ட் உதிர்ந்தவை, நாலைந்து கை மாறியவை. பார்த்துவிட்டால் பொறுமை வேலையைப் போட்டுவிட்டு அதன் பின்னாலேயே போவார். "சார், இந்த வண்டியைக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது தெரியுமா? பின் சீட்டுக்குக் கீழே ஒரு மூடி..." சிலர் அவர் கையைப் பார்த்துவிட்டு, காசு கேட்க வந்திருக்கிறார் என்று பர்ஸைத் திறப்பார்கள். ஒரே ஒரு பெண், பள்ளிக்கூட டீச்சராம், நின்று முழுக்கக் கேட்டு போனில் குறித்துக்கொண்டாள். பிறகு அவளையோ அந்த வண்டியையோ அவர் பார்க்கவில்லை.

"சீட்டை வாங்கினமா, வண்டியை விட்டமான்னு இருங்க பெரியவரே. வர்றவங்களைப் பயமுறுத்துறீங்கன்னு புகார் வருது" என்றார் சூப்பர்வைசர்.

நேற்றும் ஒன்று வந்தது. வெள்ளை நிறம். பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள் சாமான் பைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தார்கள். அப்பாவாக இருக்க வேண்டும், இளவயதுக்காரர். இவர் ஜன்னலருகே குனிந்து சொல்லத் தொடங்கினார்.

"தெரியும் சார், யாரோ சொன்னாங்க. அடுத்த மாசம் இதை வித்துடப் போறோம்" என்றார் அவர்.

"வாங்கப் போறவருக்குத் தெரியுமா?"

கண்ணாடி மேலே ஏறியது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. சூப்பர்வைசர் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார். பொறுமை நகர்ந்து வந்து கயிற்றைப் பிடித்து இழுத்து, தடுப்பைத் தூக்கிவிட்டார்.