உதடு ஒட்டாத றிபா

கல்முனையில் றிபா பேனை மூடியைக் கழற்றினால் எங்கோ ஒரு கந்தோரில் யாரோ ஓர் அதிகாரிக்குத் தும்மல் வரும் என்பார்கள். இது கொஞ்சம் கூட்டிச் சொன்ன கதை. தும்மல் அப்படி உடனே வருவதில்லை. கடிதம் தபாலில் போய்ச் சேரவே மூன்று நாள் வேண்டும்.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. ஏ.எல். பாஸ் பண்ணிவிட்டுக் கலியாணம் முடித்தவள். மாப்பிள்ளை இன்ஸாப் ஒலுவில் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிற மனிதன். ஐஸோடும் மீனோடும் பழகியதாலோ என்னவோ, வாய் திறப்பது குறைவு. அந்தக் குறையை றிபா தன் பங்குக்கு நிரப்பிக்கொண்டாள். அவள் செய்த வேலை, பெட்டிசம் என்கிற மனு எழுதுவது. ஊரில் யாருக்கு எந்தக் கந்தோர் கதவு சாத்தினாலும் அவளிடம்தான் வருவார்கள். ஒரு சதம் வாங்கமாட்டாள். கொண்டுவந்த முருங்கைக்காயையும் திருப்பிக் கொடுத்தனுப்புவாள்.

முதல் பெட்டிசம் தன் பேருக்காகவே எழுதினாள். றிபா என்பது உயர்வு என்று பொருள்படும் அறபுப் பேர். மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து, காற்றை ஊதிச் சொல்ல வேண்டிய பேர். தமிழில் அந்த எழுத்து இல்லாததால் எல்லாரும் 'ப' போட்டு எழுதுவார்கள். அடையாள அட்டை எழுதியவர் அந்த 'ப'வைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் 'எப்'புக்குப் பதில் 'பி' எழுத்தைப் போட்டுவிட்டார். அறபில் அப்படிச் சொன்னால் றிபா என்றால் வட்டி. பத்தொன்பது வயதுக் குமர் ஒருத்தி, மார்க்கம் விலக்கிய ஹறாமான வட்டியைப் பேராகக் கைப்பையில் கொண்டு திரிந்தாள். அந்த 'பி'யை 'எப்' ஆக்க மூன்று வருடமும் எட்டுப் பெட்டிசமும் பிடித்தன. "மாத்த ஏலா" என்று சொன்ன ஒவ்வொரு கிளாக்கரிடமும் அவள் கேட்டது ஒன்றுதான்:

"ஏலாது எண்டத எழுத்துல தாங்க."

எழுத்தில் கொடுக்க எவனுக்குத் தைரியம் வரும்? அன்று பிடித்த வார்த்தையைப் பிறகு அவள் விடவேயில்லை.

ஆனாலும் பெட்டிசத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. பஹ்மிதா என்றொரு கைம்பெண்ணின் காணிக்கு வேலி போட்டுப் பிடித்துக்கொண்டவனுக்கு எதிராக ஆறு வருடமாக றிபா எழுதினாள். ஒரு மரமும் அசையவில்லை. கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு சட்டத்தரணி தன் பேர் அச்சடித்த தாளில் அரைப்பக்கம் அனுப்பினார். வேலி ஒரே கிழமையில் போய்விட்டது. அந்த அரைப்பக்கத்தை றிபா வாசித்துப் பார்த்தாள். அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. கொழும்பில் புதிதாக ஒரு சட்டப் பாடசாலை. இல்லாதவர்களுக்காகவும் ஊருக்காகவும் வழக்காடுகிறவர்களை உருவாக்குமாம். சனி, ஞாயிறு வகுப்பு. வயது நாற்பத்து நான்குக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த வருடத்தை விட்டால் றிபாவுக்கு அந்தக் கதவு பிறகு திறக்காது.

பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் கொமினிகேஷன் கடை நடத்துகிற கிருபாமலர்தான் விண்ணப்பப் படிவத்தைக் கம்பியூட்டரில் எடுத்துக் கொடுத்தாள். கிருபாமலர் மெதடிஸ்த சபைக்காரி. றிபாவோடு ஏ.எல். படித்தவள். பதினைந்து வருடமாகப் பெட்டிசங்களுக்குப் போட்டோக் கொப்பி அடித்து அடித்து அவளும் பாதிச் சட்டத்தரணியாகியிருந்தாள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தாலும் எல்லாம் தமிழில் நிரப்பியாயிற்று. ஒன்பதாம் கேள்வியில் வண்டி நின்றது. விண்ணப்பதாரி தன் ஊரில் செய்த பொதுநலப் பணியை, அவரை ஐந்து வருடத்துக்குக் குறையாமல் அறிந்த, அவருக்கு உறவில்லாத ஓர் அமைப்பு எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

உறவில்லாத அமைப்புக்குக் கல்முனையில் எங்கே போவது? விளையாட்டுக் கழகத் தலைவர் மச்சான். மாதர் சங்கப் பொருளாளர் சாச்சியின் மகள். மீனவர் சங்கத்தில் இன்ஸாபின் காக்காமார், அதாவது அண்ணன்மார், மூன்று பேர். கிருபாமலரின் கோயிலில் கேட்கலாமென்றால், போதகர் மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான். பள்ளிவாசலுக்கு மட்டும்தான் சொந்தக்காரர் கிடையாது. சொந்தக்காரர் மாதிரி நடந்துகொள்ளும் நம்பிக்கையாளர் சபை ஒன்று இருந்தது. அவ்வளவுதான்.

அந்தச் சபையின் தலைவர் கச்சிமுகம்மது மரைக்கார். நெல் வியாபாரி. வெள்ளைச் சாரனும் வெள்ளைத் தொப்பியுமாக அவர் தெருவில் வந்தால் கொக்கு வயலில் இறங்கின மாதிரி இருக்கும். பார்வையும் அதே மாதிரிதான். றிபா மேல் அவருக்குப் பழைய கோபம். தெரு வடிகானுக்கு மேல் அவர் கட்டியிருந்த கடைப்படி, அவளுடைய பெட்டிசத்தால்தான் இடிபட்டது. ஊரில் வட்டியைப் பற்றி அவரைப் போல் உருக்கமாகக் கதைக்க ஆளில்லை. நெல் அறுக்கிற அவருடைய வெட்டு மெசின் லீசிங்கில், தவணைக் கடனில், எடுத்தது. மாதாமாதம் அதற்கு வட்டியோடு கட்டுகிறதை அவர் வாடகை என்பார்.

றிபா படிவத்தோடு சபைக் கந்தோருக்குப் போனாள். இன்ஸாப் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான். மரைக்கார் படிவத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, ஆங்கிலம் என்று கண்டதும் செயலாளர் ஜவுபரிடம் தள்ளினார். ஜவுபர் ஐந்து வருடம் கட்டாரில் இருந்தவர். சபையில் ஆங்கிலத்துக்கு அவர்தான் கடைசித் தீர்ப்பு. மேலே கொட்டை எழுத்தில் இருந்த பாடசாலையின் பேரை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பப்ளிக் எண்டா பொது. லோ எண்டா சட்டம். நடுவுல கெடக்கிற சொல்லத்தான் மரைக்கார் கவனிக்கணும். இன்ட்ரஸ்ட்."

"அப்படியெண்டா?"

"உங்கட லீசிங் கடிதத்துல மாசாமாசம் வாற சொல்லுதான். வட்டி."

மரைக்காரின் முகத்தில் துக்கமும் சந்தோசமும் ஒன்றாக ஏறின. பொதுவட்டிச் சட்டம்! படி இடிந்த நாளிலிருந்து அவர் இறைவனிடம் கேட்ட துஆ இப்படித்தான் கபூலாகுமென்று அவரே நினைத்திருக்கமாட்டார். அந்தச் சொல்லுக்கு இரண்டு கருத்து உண்டு, இந்த இடத்தில் நலன் என்றுதான் பொருள், ஊருடைய நலன் என்று றிபா பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"வட்டிக்கு விடுறவனும் ஊர்ட நலனுக்கு எண்டுதான் புள்ள சொல்றான்" என்றார் மரைக்கார்.

ஜவுபருக்கு அதற்குள் இன்னொரு ஞானம் பிறந்தது. படிவத்தில் பேர் எழுதிய இடத்தை விரலால் தட்டினார். "பேரப் பாருங்க மரைக்கார். பேரே றிபா."

றிபா எழும்பினாள். இந்தச் சண்டையை அவள் இருபத்திரண்டு வயதிலேயே முடித்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

"மேல்பல்லு கீழுதட்டுல பட்டா அது நான். உதடு ரெண்டும் ஒட்டினா, அது உங்கட வாசல்ல நிக்கிற வெட்டு மெசின்."

வெளியே இன்ஸாப் இருமினான். அவனுடைய அகராதியில் அது கைதட்டல்.

இதற்குப் பிறகு கடிதம் கிடைக்குமா? மரைக்கார் ஏலாது என்றார். பள்ளிவாசல் சீலை வட்டிப் படிப்புக்குக் குத்தி மறுமையில் பதில் சொல்ல அவருக்கு ஏலாதாம். படிவத்துக்கு முடிவுத் தேதி வர இன்னும் பதினொரு நாள் இருந்தது. றிபா பழக்க தோசத்தில் கேட்டாள்:

"ஏலாது எண்டத எழுத்துல தாங்க."

கிளாக்கர்மாரெல்லாம் பயந்த அந்த வார்த்தைக்கு மரைக்கார் பயப்படவில்லை. ஜவுபருக்கோ கடிதம் எழுதுவதென்றால் புரியாணிச் சகன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி. அந்தப் பாடசாலைக்கே நேராக எழுதி, இப்படிப்பட்ட ஆளை எடுக்க வேண்டாமென்று எச்சரித்துவிடலாம், அதுவும் ஒரு நன்மைதானே என்று இருவரும் முடிவெடுத்தார்கள்.

கடிதம் முடிய ஆறு நாள் எடுத்தது. அந்த ஆறு நாளில் ஊர் செய்ததைச் சொல்ல வேண்டும். றிபா வட்டி படிக்கப் போகிறாளாம் என்ற செய்தி ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நாலு தெருவும் போய்விட்டது. அடுத்த காலையில் அவள் வாசலில் பன்னிரண்டு பெண்கள். தடுக்க வந்தவர்கள் என்று அவள் நினைத்தாள். முன்னுக்கு நின்றவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இரகசியமாக, "றாத்தா, நூத்துக்கு எத்தினைக்குத் தருவீங்க?" என்றாள். பின்னால் நின்றவள் காப்பை ஏற்கெனவே கழற்றிப் பிடித்திருந்தாள். வட்டி ஹறாம் என்று வீட்டில் ஒரு மணித்தியாலம் விளக்கம் சொன்ன மாப்பிள்ளைமார்தான் அவர்களில் பாதிப்பேரை அனுப்பியிருந்தார்கள்.

ஏழாம் நாள் சபையின் கடிதம், பாடசாலைக்கு விலாசமிட்டு, எழுத்தில் கேட்டவள் என்பதால் றிபாவின் கைக்கே வந்தது. நாலு பக்கம். றிபா அதைக் கிருபாமலரின் கடையில் வைத்துப் பிரித்தாள். ஜவுபர் தன் தமிழின் கஜானாவையே திறந்துவிட்டிருந்தார்.

"மேற்படி றிபா என்பவர் கடந்த பதினைந்து வருடங்களாக இவ்வூரில் பொறுப்பிலுள்ள எவருக்கும் நிம்மதி கொடுத்ததில்லை. வடிகான் சம்பந்தமாக மாத்திரம் பதினேழு மனுக்கள். அதன் விளைவாக எமது தலைவரின் கடைப்படி இடிக்கப்பட்டு, மாரியில் தெருவில் நிற்கும் வெள்ளம் முற்றாக ஓடிவிட்டது. விதவைகளின் நிவாரண அரிசிப் பட்டியலில் தலைவரின் மச்சாள் இடம்பெற்றிருந்ததை, மச்சாளின் கணவர் உயிரோடு இருக்கிறார் என்ற அற்பக் காரணத்தைக் காட்டிப் பகிரங்கப்படுத்தினார். பிறப்புப் பத்திரம் இல்லாத முப்பத்தொரு பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்கும்வரை அதிகாரிகளை உறங்கவிடவில்லை. நமது சமூகத்தோடு நில்லாமல், சொறிக்கல்முனை விவசாயிகளுக்கும் வாய்க்கால் தண்ணீர் கேட்டு எழுதிக்கொடுத்து, தண்ணீரும் வந்துவிட்டது. இவர் எவரிடமும் காசு வாங்குவதில்லை என்பதால் இவரைக் கட்டுப்படுத்த எமக்கு வழி எதுவுமில்லை. இப்படிப்பட்டவர் சட்டமும் படித்தால் எங்கள் நிலை என்னவாகும் என்பதைத் தங்கள் மேலான சிந்தனைக்கு விடுகிறோம்."

கிருபாமலர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இத அனுப்பிராதகா. இதப் பாத்தா உன்ன ஆஸ்பத்திரியிலயும் சேக்கமாட்டாங்க."

றிபா மூன்றாம் தரம் வாசித்தாள். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துகளை எண்ணினாள். சபையார் ஐந்து பேருடையதும் இருந்தன. சீல் இரண்டு தரம் குத்தியிருந்தது.

"ஒன்பதாங் கேள்விய வாசி பாப்பம், கிருபா."

கிருபாமலர் வாசித்தாள்.

"செஞ்ச வேலைய எழுத்துல உறுதிப்படுத்தச் சொல்லித்தானே கெடக்கு? மரைக்காருக்குப் பிடிச்சிருந்திச்சா எண்டு கேக்கல்லயே."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், பஸ்ஸுக்கு நின்றவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் ஒட்டுமுன் றிபா உறையைத் திரும்பவும் மேசையில் வைத்தாள். இது வாய்க்காமல் போனால் எஞ்சுவது மரைக்காருடைய கடிதம் ஒன்றுதான். அதைத் தன் கையாலேயே கொழும்புக்கு அனுப்பியவள் என்று ஊர் ஆயுளுக்கும் சொல்லும். பதிவுத் தபாலில் போட்டாள்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. முழுக்கச் சிங்களத்தில். ஊருக்காக வழக்காட ஆள் தேடுகிற பாடசாலைக்கு, இந்த ஊர் எந்தப் பாசையில் கதைக்கிறதென்று தெரிந்திருக்கவில்லை. கிருபாமலர் போனில் படம் பிடித்துத் தமிழாக்கிப் பார்த்தபோது 'உங்கள் முகத்தைப் பரீட்சிக்க அழைக்கிறோம்' என்று வந்தது. நேர்முகப் பரீட்சை. வேறு யாராவது என்றால் நெற்றி நிலம்பட சுஜூதில் விழுந்திருப்பார்கள். றிபா பேனை மூடியைக் கழற்றினாள். தமிழில் விண்ணப்பித்தவளுக்குத் தமிழில் பதில் வேண்டுமென்று அந்தப் பாடசாலைக்கே ஒரு பெட்டிசம் போனது.

"சேரமுன்னுக்கே சண்டையா?" என்றான் இன்ஸாப். அந்த மாதத்தில் அவன் கதைத்த மிக நீளமான வசனம் அது.

"சேந்த பிறகு போட்டா பயத்துல போட்டதெண்டு சொல்லுவாங்க" என்றாள் அவள். அந்த நியாயம் அவனுக்கு விளங்கவில்லை. நமக்கும் விளங்கத் தேவையில்லை.

நேர்முகப் பரீட்சையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அவர்களுக்கு முன்னால் சபையின் நாலு பக்கக் கடிதம். அதற்குப் பக்கத்தில் அவளுடைய பெட்டிசம். நடுவில் இருந்த அம்மணி, கடிதத்தில் சொல்லியிருப்பதெல்லாம் உண்மையா என்று தமிழிலேயே கேட்டார்.

"ஒரு பிழை இரிக்கி மேடம்" என்றாள் றிபா. "வடிகானுக்குப் பதினேழில்ல, பத்தொன்பது. ரெண்டு நேரா கொழும்புக்குப் பதிவுத் தபால்ல போனது. செயலாளருக்குத் தெரியா."

அனுமதிக் கடிதம் பதினாறு நாளில் வந்தது. தமிழில். பக்கத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்த பேரில் 'எப்' சரியாக இருந்தது.

ஊருக்குச் செய்தி தெரிந்த அன்றே தேத்தண்ணிக் கடையில் மரைக்கார், "நம்மட சபை குடுத்த கடிதத்தாலதான் அந்தப் புள்ளைக்கு இடம் கெடச்ச" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வாழ்நாளில் சொன்ன உண்மைகளில் அதுவும் ஒன்று.

அடுத்த கிழமை அவரே றிபாவின் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, திரும்பவும் போட்டுக்கொண்டார். போன போகத்தில் விளைச்சல் பிழைத்ததில் நாலு மாத வாடகை கட்டுப்படவில்லையாம். லீசிங் ஆட்கள் அறுவடைக்கு முதல் நாள் மெசினை இழுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அறிவித்தலும் கொடுக்கவில்லையாம். ஊருக்குள் சொல்ல வெட்கமாக இருக்கிறதாம்.

"அந்தப் பொதுவட்டிச் சட்டம் புள்ள" என்றார் மரைக்கார், குரலைத் தாழ்த்தி. "அதுல வெட்டு மெசினுக்கும் ஏதும் இரிக்கா?"

றிபா உள்ளே போய்ப் பேனையும் தாளும் எடுத்துவந்தாள். எழுதிக்கொடுப்பாள் என்று அவருக்குத் தெரியும். அவள் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் தாளை அவள் தன் பக்கம் வைக்கவில்லை. அவருக்கு முன்னால் வைத்தாள்.

"எழுதலாம் மரைக்கார். முதல்ல, அது வாடகை இல்ல, வட்டி எண்டத எழுத்துல தாங்க. சீல் ரெண்டு தரம் குத்துங்க."