நாலு மதிப்பெண் குளிர்

நேடீன் ஹாஸ்கல் ஃபீனிக்ஸ் நகரில் முப்பத்தோரு வருடமாகக் கார் ஏசி வேலை மட்டுமே செய்கிறாள். எஞ்சினைத் தொடமாட்டாள், பிரேக்கைத் தொடமாட்டாள். ஜூலையில் கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தால் கை பொசுங்குகிற ஊரில் பிழைக்க அந்த ஒரு வேலை போதும்.

வருகிறவர்களில் அவளுக்கு அடியோடு பிடிக்காதவர்கள் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் கிழவர்கள். ஐம்பது வருடத்துக்கு முன் எங்கோ குளிர்நாட்டில் செய்த கார்கள் அவை. அதில் ஏசி என்று இருப்பது பேருக்கு ஒரு சாமான். இந்தக் கிழவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, வருடம் ஒரு போட்டி உண்டு. நடுவர் டார்ச்சை அடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பார். தொழிற்சாலையில் மாட்டியதற்கு மாறாக ஒரு திருகாணி இருந்தாலும் மதிப்பெண் போய்விடும். அதற்குப் பயந்து செத்துப்போன ஏசியை அப்படியே பூசை பண்ணிக்கொண்டு, ஜன்னலைத் திறந்துபோட்டு ஓட்டி, வெந்த உருளைக்கிழங்காக வந்து இறங்குவார்கள். கேட்டால் "ஒரிஜினல்" என்பார்கள்.

"உங்க இடுப்பெலும்பு ஒரிஜினலா?" என்று நேடீன் முகத்துக்கு நேரே கேட்பாள். அவர்கள் சிரிப்பார்கள். வேறு யாரிடம் போவார்கள்?

அந்தக் கூட்டத்திலும் முதல் தரம் மெர்ல் ஸ்டாடர்ட். எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஜூன் மாதம் ஒருநாள் தன் சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். போன கோடையில் அந்தக் காருக்குள் அவர் மனைவி கோரினுக்கு மயக்கம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் அதில் ஏறவில்லை.

"நாப்பத்திரண்டு வருஷமா பக்கத்துல உக்காந்து வந்தவ. இப்ப ஒண்ணு குளுர வை, இல்ல தனியா போன்னு சொல்லிட்டா. குளுரணும், நேடீன். ஆனா பாத்தா பழசு மாதிரியே இருக்கணும்."

"ஏன் டாக்டர், எத்தனை பேர் வாயில ஒரிஜினல் பல்லைப் புடுங்கிட்டுப் புதுசு வெச்சிருப்பீங்க?"

"அது வேற."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. திட்டிக்கொண்டே வேலையை எடுத்தாள். மூட்டை கனத்தில் இருந்த பழைய கம்ப்ரசரைக் கழற்றி, இரண்டு கைக்குள் அடங்குகிற புதியதை மாட்டினாள். எஞ்சின் பின்னால், குளிர்ப்பெட்டி முன்னால். இரண்டுக்கும் நடுவே கார் நீளத்துக்கு ஓடும் ஹோஸ் முழுவதும் பழையது, வழியெல்லாம் கேஸ் கசிந்தது. அதையும் மாற்றினாள். பின்சக்கரத்து வளைவுக்குள் யார் கண்ணிலும் படாதபடி சூட்டை வெளியேற்றக் கூடுதலாக ஒரு கண்டென்சரையும் அதற்கு ஒரு விசிறியையும் செருகினாள். வெளியே நூற்றுப் பன்னிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட். உள்ளே வந்த காற்று நாற்பது, பனிக்கட்டியைத் தொட்ட மாதிரி. அவள் கையில் வேலை அப்படி. அதில் அவளுக்குத் தலைகொள்ளாத கர்வம்.

காரை எடுக்க கோரினும் வந்தாள். உட்கார்ந்து ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து இறங்கி, நேடீனின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆகஸ்ட்ல பிரெஸ்காட் மலையில நடக்கற போட்டிக்கு நானும் வரேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். உன்னாலதான்."

போட்டிக்கு முந்தின நாள் மெர்ல் தனியாக வந்தார். காரின் முன்பெட்டியில் பழைய கம்ப்ரசர் இருந்தது.

"பழசை மாட்டிக் குடு. ரெண்டு நாளைக்குத்தான். புதுசுக்கு நாலு மார்க் குறைப்பாங்க."

"அது செத்த கம்ப்ரசர், டாக்டர். நாளைக்கு அவங்களும் வராங்கல்ல?"

"மலை ஏறிட்டா குளுரு வந்துடும். அவகிட்ட நான் சொல்லிக்கறேன்."

இவர் சொல்லமாட்டார் என்று நேடீனுக்கு நன்றாகத் தெரிந்தது. மடையன், சுயநலக்காரன், நாலு மார்க்குக்குப் பெண்டாட்டியை வேகவைக்கிறவன் என்று மனதுக்குள் வரிசையாகத் திட்டினாள். திட்டியபடியே கேஸை உறிஞ்சி எடுத்து, புதியதைக் கழற்றி, பழையதை மாட்டினாள். என்ன இருந்தாலும் கார் அவருடையது என்று நினைத்துக்கொண்டாள். கோரினின் போன் நம்பர் பில்லிலேயே இருந்தது. அவள் கூப்பிடவில்லை.

நடந்ததை செப்டம்பரில் மெர்லே வந்து சொன்னார். பாதி ஏற்றத்தில் கோரினுக்குத் தலை சுற்றியது. சாலையோர ஓய்விடத்தில் இறங்கி நிழலில் உட்கார்ந்தாள். நாலு மணிக்குள் காரைப் பதிவு செய்யாவிட்டால் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். பின்னால் பிக்கப் வண்டியில் வந்த சங்கத்து நண்பரிடம் அவளை ஒப்படைத்துவிட்டு இவர் போய்விட்டார்.

"தண்ணி பாட்டில் குடுத்துட்டுத்தான் போனேன்," என்றார்.

ஹோஸ் புதிது என்பதை நடுவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்து அந்த நாலு மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார். உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா. கோரின் அந்த ஓய்விடத்திலிருந்தே டூசானில் தங்கை வீட்டுக்குப் போனவள், ஒரு மாதமாகத் திரும்பவில்லை.

"புதுசையே மாட்டிடு. இனி கழட்டமாட்டேன். நீயே அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா. உன்னை நம்புவா."

நேடீன் மாட்டினாள். மறுபடி நாற்பது டிகிரி. எதிரே நிற்கிற மனிதரைப் பார்க்கவே பிடிக்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நம்பரை அழுத்தினாள்.

"கார் சரியாயிடுச்சுங்க. இனி பிரச்சினை வராது."

"மொத தடவையும் அப்படித்தானே சொன்னே," என்றாள் கோரின். குரலில் கோபம்கூட இல்லை. "நீ போட்ட கேஸ் எல்லாம் கசிஞ்சுபோச்சுன்னு மெர்ல் சொன்னார். பரவால்ல, வேலைன்னா தப்பு நடக்கும். உன்மேல எனக்கு வருத்தமில்ல."

நேடீனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. முப்பத்தோரு வருடத்தில் அவள் கைவேலையைக் கசிந்தது என்று யாரும் சொன்னதில்லை.

"என் வேலை கசியலைங்க. அவர் கழட்டச் சொன்னார். முந்தின நாள் நானேதான் கழட்டினேன்."

பின்னால் மெர்ல் நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது. போனில் கோரின் கேட்டாள்:

"நான் அதுல ஏறப்போறேன்னு உனக்குத் தெரியும்ல?"

பொய் சொல்ல நேடீனுக்கு ஒரு கணம் இருந்தது.

"தெரியும்."

"சரி," என்றாள் கோரின். "அவர் மார்க்கைப் பாத்துக்கிட்டார். நீ உன் வேலையைப் பாத்துக்கிட்டே."

போன் வைக்கப்பட்டது. மெர்ல் எழுந்து வந்தார்.

"என்ன சொன்னா?"

நேடீன் கையைத் துடைத்தாள். இன்னும் கொஞ்சம் துடைத்தாள்.

"என்னையும் உங்களோட சேத்துட்டாங்க, டாக்டர்."