பச்சை வட்டம் பார்த்த ஹரீஷ்குமார்

பவுடர் டப்பா அதன் கோட்டுக்குள் இல்லையென்றால் ஹரீஷ்குமாருக்குக் கை ஓடாது. ஒரு கையால் மகளின் இரண்டு கால்களையும் தூக்கிப் பிடித்தபடி, மறு கையால் டப்பாவை அரை விரல் இடப்பக்கம் தள்ளி வைத்த பிறகுதான் டயப்பருக்கே போகிறார். அலமாரித் தட்டில் டப்பா, எண்ணெய்க் குப்பி, பாலாடை, நகவெட்டி என ஒவ்வொன்றையும் சுற்றி மார்க்கரில் கோடு போட்டிருக்கிறார். ஏதாவது காணாமல் போனால் வெறும் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

"எடுத்தா எடுத்த எடத்துல வெக்கணும்மா. தேடுறதெல்லாம் வேஸ்ட்டு."

"நாளைக்கு ஊடு பூரா கட்டம் போட்டு என்ன நொண்டி ஆடச் சொல்லுவான்," என்கிறார் அவருடைய தாய் மாதம்மாள்.

ஓசூரில் பிரேக் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் ஹரீஷ்குமார் தரம் பார்க்கிறவர். மேற்பார்வையாளரிடம் கன்னடம், லாரிக்காரர்களிடம் தெலுங்கு, கோபம் வந்தால் மட்டும் பிறந்த ஊரான மத்தூரின் தமிழ். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், தன் இலையில் உப்பு வைத்த இடத்தைப் பக்கத்து இலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

சாமல்பட்டித் தாய்வீட்டிலிருந்து மூன்றாம் மாதம் குழந்தையோடு திரும்பிய மனைவி பிரியதர்ஷினியிடம் அந்தக் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. அசதி என்று விட்டுவிட்டார். தடுப்பூசிக்குப் போன இடத்தில் செவிலியர்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: சிரிப்பு வருதா? காரணமில்லாம பயமா இருக்குதா? கொழந்த தூங்கறப்ப உன்னால தூங்க முடியுதா?

"யாரு கொழந்தையையோ வெச்சிக்கினு இருக்கற மாதிரி இருக்குதுக்கா," என்று சொல்லி பிரியா அழுதார்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு இது, குணமாகக்கூடியது என்றார் மனநல மருத்துவர். வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் பேச வேண்டும். பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றதாகப் பார்த்து ஒரு மாத்திரை எழுதினார்; அது வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றும் சொன்னார்.

ஆலையில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் அன்றன்றைய நிலவரம் காட்டும் பலகை ஒன்று வைப்பார்கள். ஹரீஷ்குமார் அதை வீட்டு பிரிட்ஜ் கதவில் வைத்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காந்த வட்டங்கள். காலையில் எழுந்ததும் தன் மனசு எப்படியோ அந்த நிறத்தை பிரியா ஒட்ட வேண்டும். சிவப்பாக இருந்தது மஞ்சளானது. பிறகு பச்சை, மறுபடி பச்சை, பச்சையோ பச்சை. தொடர்ந்து நல்ல உருப்படி வந்தால் ஆலையில் சோதனையைக் குறைப்பார்கள். இவரும் குறைத்தார். தீர்ந்த மாத்திரையைத் திரும்ப வாங்கவில்லை. ஆலோசகரிடம் போவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினார். ஷிப்டில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

சில வாரம் கழித்து ஒரு காலை, குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தாழ் போடாத கதவைத் தள்ளினால், வாளிக்குப் பக்கத்தில் பிரியா முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தார்.

"நேத்துகூட பச்சதான வெச்ச?"

"பச்ச வெச்சா நீங்க சிரிச்சிக்கினே வேலைக்குப் போறீங்க. அதான் வெச்சன்."

அன்றைக்கே மருத்துவரிடம் ஓடினார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஹரீஷ்குமாரைப் பார்த்தார். "பீஸ் ஓகேன்னு நீங்களே பேக் பண்ணி அனுப்பிட்டீங்களா சார்?"

பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீரோடுதான். ஆனாலும் அது சிரிப்பு. அதைக் கேட்டு ஹரீஷ்குமார் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

மாத்திரை மறுபடி ஆரம்பமானது. நன்றாக ஆன பிறகும் பல மாதம் தொடர வேண்டும், நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். "அப்ப நான் இன்னா மேடம் பண்றது?" என்று கேட்டதற்கு, "மார்க் போடச் சொல்லாதீங்க. அவங்கள நிம்மதியா தூங்க விடுங்க," என்றார் மருத்துவர்.

வட்டங்கள் அன்றே குப்பைக்குப் போயின. ஹரீஷ்குமார் கேட்டு மதிய ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். காலையில் பால் கொடுத்துவிட்டு பிரியா படுத்தால், சாப்பாட்டு நேரம் வரை குழந்தை ஹரீஷ்குமாரின் பொறுப்பு. சில நாள், "இன்னிக்கு முடியலைங்க," என்று பிரியா வாய்விட்டே சொல்கிறார். அவர் ஏன் என்று கேட்பதில்லை, குழந்தையை வாங்கிக்கொள்கிறார்.

மாதம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "பச்ச ஒடம்புக்காரி பகல்ல தூங்குனா நீர் கோத்துக்கும்டா."

"மெஷினுக்கே ஷட்டவுன் உண்டும்மா."

"பாரு, மருமவள மெஷினுங்கறான்!" என்று திட்டியவர், அந்தத் திட்டையும் தணிந்த குரலில்தான் திட்டினார். சட்னி அரைக்க இப்போது பக்கத்து வீட்டு மிக்ஸிக்குப் போகிறார்.

நேற்று பிரியா கண்ணயர்ந்த சற்று நேரத்தில், தெருமுனையில் பூண்டு வண்டி திரும்பியது. "மலப்பூண்டு, மலப்பூண்டேய்!" என்று ஒலிபெருக்கி கிளம்பியதும், லுங்கியை மடித்துக் கட்டி, மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஹரீஷ்குமார் ஓடினார்.

"அண்ணா, அண்ணா! அத அணைங்க. ஊட்டுல தூங்கறாங்க."

"கூவலன்னா யாருப்பா வாங்குவாங்க?"

அதுவும் நியாயம்தான். ஹரீஷ்குமார் தெருவிலிருந்த வீட்டுக் கதவுகளை எண்ணிப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கி அணைந்த வண்டி பின்னால் மெதுவாக உருண்டு வர, மகளின் தலையைத் தாங்கியபடி முதல் வீட்டுக் கதவை ஒற்றை விரலால் தட்டி, உள்ளே எட்டிப் பார்த்துக் குசுகுசுத்தார்: "அக்கா... பூண்டு வந்துக்குது."