தண்டவாளத்துக்கு அந்தப் பக்கக் கரை

வெள்ளவத்தையில் தண்டவாளத்தைத் தாண்டினால் யாரும் நட்டு வளர்க்காத ஒரு துண்டுக் கரை இருந்தது. கரும்பாறைகள், அடப்பங்கொடி, காலில் குத்தும் இராவணன் மீசைப் புல், ஆளைக் கண்டதும் ஓடி ஒளியும் நண்டுகள். தென்மேற்குக் காற்று பிறந்தால் கடல் தண்டவாளம்வரை ஏறிவரும். அந்த முரட்டுத்தனம் எனக்குப் பிடித்திருந்தது. அதை அழித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் மாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒருநாள் சிங்களத்தில் அச்சடித்த தாளொன்றோடு வந்தார்.

"பீச்சைத் துப்புரவாக்கப் போகினமாம். நீங்கள் முதல்ல கையெழுத்து வைச்சா மற்றவையும் வைப்பினம், ரீச்சர்."

சந்தையில் மீன் விலை பேச என் சிங்களம் தாராளமாகப் போதும். அரசாங்கக் கடிதங்களில் வரும் கந்தோர்ச் சிங்களம் வாசிக்க வராது. அதைச் சொல்ல ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு வெட்கம். வாசித்தவள் போலத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தேன். அதோடு விட்டேனா? வீடு வீடாக ஏறி இறங்கி மற்றவர்களிடமும் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் ஆட்கள் இப்படித்தான். விளங்காத தாளில் கையெழுத்து வைப்பதை மரியாதை என்று நினைப்போம்.

பிறகு மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்தது. கொடியையும் புல்லையும் வழித்தெடுத்து, பாறைகளுக்கு மேல் கொங்கிரீட் கொட்டினார்கள். உணவகமும் வாகனத் தரிப்பிடமும் வரப்போகின்றனவாம். ஓடிப்போய்ச் சண்டை பிடித்தேன். பொறுப்பாக நின்றவர் கோப்பைத் திறந்து காட்டி, சிங்களத்தில் அமைதியாகக் கேட்டார்: "நோனா, இது உங்கள் கையெழுத்துத்தானே?"

கால்வாய் கடலில் விழும் இடம்வரை இன்னும் கொஞ்சம் கரை மிச்சமிருக்கிறது. போன கிழமை அதற்கும் ஒரு தாள் வந்தது. தமிழில் தரும்படி கேட்டேன்.

"சின்ன விஷயத்துக்கு ஏன் ரீச்சர் கரைச்சல்?" என்று சிரித்தார் செயலாளர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போய், மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் வரிக்கு வரி தமிழில் எழுதி வாங்கினேன். மிச்சக் கரையையும் நிரவிக் கட்ட எங்கள் எல்லோருக்கும் சம்மதமாம்.

ஒருவரும் கையெழுத்து வைக்கக்கூடாது என்று சொல்ல, அந்தத் தமிழ்ப் பிரதியோடு கீழ்மாடிக்கு இறங்கி முதல் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த பெண் என் கையில் தாளைக் கண்டார். தமிழில்தான் இருந்தது. ஒரு வரிகூடப் பார்க்கவில்லை. நான் வாய் திறக்க முன்னமே உள்ளே போய்ப் பேனையோடு வந்தார்.

"எவடத்தில ரீச்சர் வைக்கிறது?"