பெறுநர்: குடும்பத் தலைவர் அவர்கள்

வானகரம் சர்வீஸ் ரோட்டில் என் ஸ்கூட்டர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதால்தான் என் மனைவி கம்ப்யூட்டரில் அடித்துவைத்த மனுக்களின் எழுத்துகளெல்லாம் குலுங்கி இடம் மாறிவிட்டன என்று நான் உண்மையாகவே நம்பினேன். ஏதோ ஒரு நொடிப் பதற்றத்தில் இல்லை. முழுசாக இரண்டு நாள் நம்பினேன். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. பேருந்தில் சின்னப் பையன்கள் எழுந்து இடம் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வயது.

இதில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் உதிரி பாகங்களின் அளவைச் சரிபார்க்கிறவன் நான். எங்களிடம் அளவுக்கருவி ஒன்று கைதவறிக் கீழே விழுந்தால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும், சிவப்புச் சீட்டு கட்டி ஓரமாக வைத்துவிடுவோம். உள்ளே ஏதாவது நகர்ந்திருக்கும். இனி அது சொல்கிற எதையும் நம்பக் கூடாது. முப்பது வருடமாக இந்தப் புத்தியோடு வாழ்கிறவன், பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டைப்பையில் போட்டு இரண்டு காலுக்கும் நடுவே வைத்துக்கொண்டு போகும்போது, பள்ளத்தில் 'டங்' என்று கேட்டால் வேறு என்ன நினைப்பான்?

அந்தப் பெட்டியில் இருந்தவை என்ன என்று சொன்னால்தான் என் பயம் புரியும்.

என் மனைவி பூந்தமல்லி தாலுகா ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தாள். பட்டா, வாரிசுச் சான்று, சாக்கடை, தெருவிளக்கு என்று சுற்றுவட்டாரத்தின் குறைகளெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போகும். கடையில் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள், மிச்ச வேலையை வீட்டில் முடிக்கலாம் என்று. அதுவரை என்னை வாயால் திட்டிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு மனு போட ஆரம்பித்தாள்.

முதல் மனு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பெறுநர்: குடும்பத் தலைவர் அவர்கள், அடுக்களைக்கு எதிர் அறை. பொருள்: தேங்காய் வாங்கி வராதது தொடர்பாக. பார்வை: இன்று காலை எட்டு மணிக்குத் தாங்கள் வாய்மொழியாக அளித்த உறுதி." அச்செடுத்து என் டிபன் டப்பாவின் மூடியில் ஒட்டி அனுப்பியிருந்தாள். பட்டறையில் நாலு பேர் சேர்ந்து படித்தார்கள்.

நானும் விடவில்லை. பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதி எனக்கு எந்த ஜென்மத்திலும் வராது. அதனால் அன்று சாயங்காலமே ஒரு பச்சைப் பேனா வாங்கினேன். மனுவின் ஓரத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் 'நினைவூட்டு – 1' வந்தது. அதற்கடுத்த நாள் 'நினைவூட்டு – 2'. தேங்காயும் வந்தது. மூன்றாவது நினைவூட்டு வரை நான் என்றுமே விட்டதில்லை. மூன்றாவதற்கு ஒரு நகல் என் மாமியாருக்குப் போகும் என்று அடிக்குறிப்பிலேயே எச்சரித்திருந்தாள்.

இப்படி அறுபத்து மூன்று மனுக்கள். ஆங்கில எழுத்தில் 'வீடு' என்று பெயர் வைத்து, பக்கத்தில் எண் போட்டுச் சேமித்துவைத்திருந்தாள். குறட்டை தொடர்பாக, ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது தொடர்பாக, மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் அடித்த விசில் தொடர்பாக. அச்செடுத்த தாள்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. சிலதில் வண்டியைத் துடைத்தேன், சிலதில் வடை வைத்துத் தின்றேன். பச்சை மை அதிகாரியின் ஆவணக் காப்பு அவ்வளவுதான்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலையில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோரு நாள் இருந்தாள். வீட்டுக்கு வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, அறுபத்து மூன்றுக்குக் கீழே எண் இல்லாமல் இன்னொரு கோப்பு இருந்தது. பெயர் 'புதுசு'. கடைசியாகச் சேமித்தது அந்த வியாழனுக்கு முந்தைய நாள் சாயங்காலம். நான் அதைத் திறக்கவில்லை. திறந்து படித்துவிட்டால் அவளிடமிருந்து எனக்கு வரவேண்டியது என்று ஒன்றும் பாக்கியிருக்காது. அப்படியே விட்டுவைத்தேன்.

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் கம்ப்யூட்டரைப் போட்டுவிடுவேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து உருப்படி. முழித்து எழ அதற்கு ஒரு பால் பொங்குகிற நேரம் ஆகும். அவள் இருந்தபோதும் அப்படித்தான்: சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் அடுப்பில் பாலை வைப்பாள், பால் பொங்கவும், உள்ளே அந்த வரவேற்பு இசை கேட்கவும் சரியாக இருக்கும். நீல வானம், பச்சை மேடு. அயப்பாக்கத்தில் எங்கள் ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃபிளாட்டின் பாத்ரூம் குழாய்தான் தெரியும்; எங்களுக்கு வாய்த்த புல்வெளி அந்தத் திரையில்தான் இருந்தது.

மகள் ஐ.டி. வேலையில் போரூர்ப் பக்கம் இருக்கிறாள். வரும்போதெல்லாம் அந்தப் பெட்டியைப் பார்த்து முகம் சுளிப்பாள்.

"ப்பா, அதுல ஒரு வெப்சைட்டும் ஒழுங்கா தொறக்காது. ஃபேன் சத்தம் கேக்குதா? இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. போறதுக்குள்ள எல்லாத்தையும் வேற எடத்துக்கு மாத்திடு."

"எனக்கும் முட்டி சத்தம் போடுது. என்னையும் மாத்திடுவியா?"

"உன்ன யாரும் எக்சேஞ்ச்ல எடுத்துக்க மாட்டாங்கப்பா."

அவள் சொன்னது பாதி வேடிக்கை, பாதி நிஜம். அதன்பின் ஒரு ஞாயிறு பெட்டி மூன்றாவது தடவைதான் முழித்தது. அன்றைக்குப் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது. மறுநாளே பெட்டியைக் கட்டைப்பையில் போட்டுக் கிளம்பிவிட்டேன். பள்ளத்தைத் தாண்டி வானகரத்துக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். என் வயதுள்ள ஒருவர்தான் கடைக்காரர். டாக்குமெண்ட் எல்லாவற்றையும் அவரிடமே வாங்கிய புது லேப்டாப்புக்கு மாற்றிக் கொடுத்தார். பழைய பெட்டியைப் பாகத்துக்காக எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

புது லேப்டாப் எடுத்த எடுப்பில் என்னை யாரென்று கேட்டது. சொன்னேன். நம்பாமல் செல்போனுக்கு ஓர் எண் அனுப்பியது. எண்ணைக் கண்டுபிடித்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, அடித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது. அப்புறம் முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினேன், இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வரச் சொன்னது. பெண் பார்க்கப் போனபோதுகூட என்னை யாரும் இப்படி நிற்கவைக்கவில்லை. எல்லாம் முடிந்து உள்ளே போனால் ஸ்டார்ட் பட்டனைக் காணோம். நாற்பது வயதிலிருந்து இடது மூலைக்கே போய்ப் பழகிய கை, அங்கே போய் நின்றது. அங்கே வெயில் எவ்வளவு என்று போட்டிருந்தது. வெயிலை நான் கேட்கவே இல்லை. முழித்து எழுவதும் எட்டு நொடியில் முடிந்தது. எட்டு நொடியில் எந்தப் பால் பொங்கும்?

சரியாக மாறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் 'புதுசு' கோப்பைத் திறக்கிறேன் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு திறந்தேன்.

ஓர் எழுத்துகூடத் தமிழில் இல்லை. தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்து, வாலில் கொக்கி மாட்டிய எழுத்து, தலைகீழான கேள்விக்குறி, டிகிரிக்குப் போடும் குட்டி வட்டம். வீடு ஒன்றைத் திறந்தேன். அதுவும் அப்படியே. அறுபத்து மூன்றும் அப்படியே.

அந்த 'டங்' என் காதில் மறுபடி கேட்டது.

அடுத்த இரண்டு நாள் நான் செய்ததை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கோப்பை மூடி, லேப்டாப்பை மேஜையில் பூப்போல வைத்து, மெதுவாகத் திறந்து பார்த்தேன். பட்டறைக்கு லீவு போட்டேன். முதல் சொல் 'அனுப்புநர்' என்றுதான் இருக்கவேண்டும், அதிலிருந்து நான்கு வரி தள்ளி 'பெறுநர்' வரவேண்டும் என்று கணக்கிட்டு, நோட்டில் கோடு போட்டு, எந்தப் புள்ளி எந்த எழுத்து என்று பட்டியல் எடுத்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் 'பெறுநர்' என்பதற்கு அடுத்த வரி 'குடும்பத் தலைவர்' என்பதற்குச் சரியான நீளம் என்று முடிவுக்கு வந்தேன். அளவு பார்க்கிறவன் கண்ணாயிற்றே. எனக்குத்தான் எழுதியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள் உட்கார்ந்து என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறாள். அதை நான்கு வருடம் திறக்காமல் வைத்திருந்து, கடைசியில் பள்ளத்தில் விட்டுக் குலுக்கிவிட்டேன்.

மறுநாள் காலை வானகரம் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். கடைக்காரர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"இன்னா அண்ணாத்தே, பள்ளத்துல வுட்டா எழுத்து உதுருமா? அது இன்னா முருங்கக் கீரையா? அப்டி பாத்தா லாரில வர்ற பேப்பர் எல்லாம் வெள்ளத் தாளாத்தான் வந்து எறங்கணும்."

"அப்ப ஏங்க இப்டி தெரியுது?"

"மெஷின் மாத்தனா சில பேருக்கு இப்டி ஆவுது. தமிழ் சமாச்சாரம் நமக்குத் தெர்லபா. உன் பொண்ணாண்ட கேளு."

மகளிடம் கேட்டேன். போனில் முதலில் சிரித்தாள். என் குரலைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ப்பா, ஒண்ணும் அழியல. அம்மா அடிச்சது பழைய கால ஃபாண்ட். அந்த ஃபாண்ட் இருக்கிற மெஷின்லதான் அது தமிழா தெரியும். புதுசுல அது இல்ல. அவ்ளோதான். பழைய பெட்டிலேருந்து அத மட்டும் எடுத்துப் போட்டா போதும்."

"பெட்டியக் குடுத்துட்டேனே."

உடனே போய்த் திருப்பி வாங்கச் சொன்னாள்.

கடைக்காரரிடம் ஓடினேன். பெட்டியை அன்றைக்கே பிரித்துவிட்டார். டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்து வேறொருவருக்குப் போட்டுக் கொடுத்தாயிற்று. அவர் மேல் தப்பில்லை. தலையை ஆட்டியது நான்.

இணையத்தில் மகள் இருபது ஃபாண்ட் தேடி அனுப்பினாள். ஒன்றில் பாதி தமிழும் பாதி புள்ளியுமாக வந்தது. மற்றதில் அதுவும் இல்லை. கடைசியாகத்தான் எனக்குப் பூந்தமல்லி ஞாபகம் வந்தது. என் மனைவியோடு வேலை பார்த்த அக்கா இன்னும் அதே டைப்பிங் கடையில்தான் இருக்கிறாள். காரியம் முடிந்த பிறகு நான் அந்தத் தெருவுக்கே போகவில்லை. என் மனைவியின் நாற்காலி இருக்குமே என்றுதான்.

பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு, பஸ்ஸில் போனேன். ஸ்கூட்டரை எடுக்கவில்லை. எழுத்து உதிராது என்று தெரிந்த பிறகும்தான்.

நாற்காலி இல்லை. அந்த இடத்தில் ஜெராக்ஸ் மெஷின் நின்றது. அக்கா என்னைப் பார்த்தும் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை; கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"நாலு வருசமா இந்தாண்ட எட்டிப் பாக்கல. இப்ப இன்னா தம்பி, வழி தவறி வன்ட்டியா?"

"மனு குடுக்க வந்தேன்கா."

"யார் மேல?"

"புதுக் கம்ப்யூட்டர் மேல."

விஷயத்தைச் சொன்னேன். அவள் பக்கத்தில் இருந்த இன்னொரு பெட்டியைக் காட்டினாள். எக்ஸ்பிதான். அரசாங்கப் படிவங்கள் எல்லாம் அந்தப் பழைய எழுத்திலேயே கிடப்பதால் அவள் அதை இன்னும் விடவில்லை. "இதுல கீற எழுத்தே உன் ஊட்டுக்காரி ஏத்தி வெச்சதுதான். நான் இன்னா கண்டேன்?" என்று சொல்லிக்கொண்டே பென்டிரைவைச் செருகினாள்.

முதலில் வீடு ஒன்றைத் திறந்தாள். குடும்பத் தலைவர் அவர்கள், அடுக்களைக்கு எதிர் அறை, தேங்காய். ஒரு புள்ளிகூட இடம் மாறாமல் வந்தது. அக்கா வாய்விட்டுப் படித்துச் சிரித்தாள். பட்டாவுக்காகக் காத்திருந்த ஒரு பெரியவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அந்த எழுத்தின் ஃபாண்ட்டை என் பென்டிரைவில் நகலெடுத்துக் கொடுத்தாள். இனி வீட்டிலும் படிக்கலாம்.

"அந்த 'புதுசு'ன்னு இருக்கறத தொறந்து காட்டுக்கா" என்றேன்.

திறந்தாள். அவள் எனக்கு முன்னால் படித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அட, இது கொழா கேஸு, தம்பி. ஐயப்பன்தாங்கல்காரரு ஒருத்தரு. அவரு கேட்டது."

நான் முழுசாகப் படித்தேன். பெறுநர், ஆணையர் அவர்கள். ஐயப்பன்தாங்கலில் ஒரு தெருவில் பொதுக்குழாயின் திருகு உடைந்து ஒன்றரை மாதமாகத் தண்ணீர் வீணாகிறது, மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்பதுதான் மனு. 'இப்படிக்கு' வரை அடித்து முடித்திருந்தாள். எனக்கென்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்த வியாழக்கிழமை காலை இந்த மனுவோடு கடைக்கு வருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த மனிதர் பதினொரு மணி வரை காத்திருந்து பார்த்துவிட்டு, அக்காவிடம் வேறொன்று அடித்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.