நெஞ்சிலிருந்து எடுத்த காது

தங்கலட்சுமிக்குக் கோபம் வந்தால் பஸ்ஸே நின்றுவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அது சும்மா பேச்சல்ல. ஒருமுறை நிஜமாகவே நிறுத்தியிருக்கிறாள். நரிக்குடியிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் கண்டக்டர் அவள் மகனைப் பார்த்து, "ஏலே ஒத்தக்காதா, உள்ள தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டான். தங்கலட்சுமி படியில் இறங்கி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டியை எடுக்கவிடவில்லை. அந்த ஆள் பையனிடம் வந்து, "தெரியாமச் சொல்லிட்டேன் தம்பி" என்று சொன்ன பிறகுதான் ஏறினாள். வண்டி முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மகன் பெயர் மதன்குமார். பிறக்கும்போதே இடது காது இல்லை. காது இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் சதை திரண்டு, கீழே ஒரு நுனி தொங்கும், அவ்வளவுதான். துளையும் கிடையாது. வலது காது நல்ல காது. யாராவது கூப்பிட்டால் அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்பான். தெரியாதவர்கள் அதைப் பார்த்து, பையன் எதையும் யோசித்துத்தான் பேசுவான் போல என்று நினைத்துக்கொள்வார்கள். பெற்றவளுக்கு அது சீக்கிரமே பழகிவிட்டது. பால் கொடுக்கும்போது அந்தச் சதையை விரலால் நீவிக்கொண்டே இருப்பாள். அப்படி நீவினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

பழகாதவர் அவள் வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரன். மானாவாரியில் பருத்தியும் மிளகாயும் குதிரைவாலியும் போடுகிற சம்சாரி. அதிகம் பேசமாட்டார். மகனை யாராவது ஏதாவது சொன்னால் சண்டைக்குப் போகமாட்டார், அன்றைக்குச் சாப்பிடமாட்டார். சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் பந்தியில் ஒருத்தர் விளையாட்டாக, "இவனுக்குப் பொண்ணு தேடுறப்ப வலது பக்கமா நிக்க வச்சுப் போட்டோ எடுக்கணும்ப்பா" என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். ஜெகதீஸ்வரன் பாதி இலையில் எழுந்துவிட்டார். அதற்கப்புறம் அருப்புக்கோட்டையில் பஞ்சை விலைக்குப் போடப்போன இடத்தில் யாரோ சொன்னார்கள், மதுரையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் புதுக் காது செய்து வைக்கிறார்கள் என்று. அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்பு.

"நல்லாத்தான இருக்கான். எதுக்குங்க அறுக்கணும்?" என்றாள் தங்கலட்சுமி.

"இன்னைக்கு நல்லாருக்கான். நாளைக்கு வளந்து நாலு பேரு முன்னால அவந்தான நிக்கணும்? அவன் போற பஸ்ஸையெல்லாம் நீ போயி நிறுத்துவியா?"

அடுத்த வாரம் மகனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். ஒரு தாளில் காதை வரைந்து காட்டிச் சொன்னார். நெஞ்சில் விலா எலும்பின் முன்நுனியில் குருத்தெலும்பு இருக்கும். அதில் கொஞ்சம் எடுத்து, காது மாதிரியே செதுக்கி, தோலுக்கு அடியில் வைக்க வேண்டும்.

ஜெகதீஸ்வரன் சட்டென்று, "எங்கிட்ட எடுத்துக்கங்கம்மா. எவ்வளவு வேணாலும் எடுத்துக்கங்க" என்றார்.

"உங்களோடது அவன் உடம்புக்குச் சேராதுங்க. அவனோடதுதான் வேணும். அதுக்கு அவன் விலா இன்னும் வளரணும். பத்து வயசாவது ஆகட்டும். நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க." பிறகு தங்கலட்சுமியின் பக்கம் திரும்பி, "இது பாக்குறதுக்குத்தாம்மா. இதுல அவனுக்குக் காது கேக்காது. அத மனசுல வச்சுக்கங்க" என்றார்.

அந்த வருஷங்களில் தங்கலட்சுமியின் வேலை மகனைச் சாப்பிட வைப்பதுதான். முட்டை, கேப்பைக் கூழ், சனிக்கிழமை தவறாமல் ஆட்டுக்கால் சூப்பு. குளிப்பாட்டும்போது அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பாள். எலும்பு கொஞ்சம் பெருத்திருக்கிறதா என்று தேடும்போதே, பெருக்காமல் இருந்தால் நல்லது என்றும் தோன்றும்.

அதே சமயம் வீட்டில் ஒரு கிடாய்க்குட்டியும் வளர்ந்தது. மகனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று ஜெகதீஸ்வரன் குலசாமிக்கு நேர்ந்துவிட்டது. அதற்கும் அவள்தான் அகத்திக்கீரை கட்டுவாள், கருவேலங்காய் அள்ளிப் போடுவாள். ஒருநாள் மகனுக்கு இரண்டாவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தவள் வாசலில் கட்டிக்கிடந்த கிடாயைப் பார்த்தாள். அதன் விலாவில் சதை பிடித்துப் பளபளவென்றிருந்தது. கையில் முட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாளிலிருந்து கிடாய்க்குத் தீவனம் வைக்கும் வேலையை வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின மாசி சிவராத்திரிக்குக் கோயிலில் கிடாயை வெட்டினார்கள். அவள் அந்தக் கறியைத் தொடவில்லை.

பள்ளிக்கூட லீவு விட்டதும் ஆபரேஷன். மதன்குமார் பயப்படவில்லை. "கனவு கண்டுட்டே இருப்பேனாம், முடிஞ்சிருமாம்" என்று அம்மாவுக்கே தைரியம் சொன்னான். ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க் கதவு மூடியதும் ஜெகதீஸ்வரன் அந்தக் கதவைப் பார்த்தபடி கைகட்டி நின்றார். அவள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சாயங்காலம் மகனை வெளியே கொண்டுவந்தபோது தலை முழுக்கக் கட்டு. காதுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குழாய் ஒன்று, அதன் நுனியில் ரத்தம் இழுக்கிற சின்னக் குப்பி. கண் விழித்ததும் அவன் காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நெஞ்சு வலிக்குதும்மா" என்றான்.

இருமினால் வலித்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் வலித்தது. நர்ஸ் ஒரு தலையணையைக் கொடுத்து, இருமல் வந்தால் அதை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டுப் போட்டுக் கிடந்த மொக்கையன் என்ற பெரியவர் வேடிக்கையாகப் பேசுகிறவர். அவர் வாயைத் திறந்தாலே மதன்குமார் தலையணையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, சிரிக்க வைக்காதீக" என்று கெஞ்சுவான். அப்புறம் அந்த மனுஷன் அவன் தூங்கும்போது மட்டும்தான் பேசினார்.

கட்டுப் பிரித்த அன்று டாக்டரம்மாவே வந்தார். தங்கலட்சுமி கண்ணை இறுக்கிக்கொண்டு, பிறகு திறந்தாள். காது இருந்தது. சிவந்து வீங்கியிருந்தது, ஆனாலும் மேல் வளைவும் உள் மடிப்பும் கீழ் நுனியுமாக, முழுக் காது. ஜெகதீஸ்வரன் டாக்டரம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் அழுது அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

எல்லோரும் போன பிறகு அவள் குனிந்து, அந்தப் புதுக் காதுக்குப் பக்கத்தில் மெல்ல, "மதனு" என்றாள். அவன் கூரையில் சுற்றும் பேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி கூப்பிட்டாள். திரும்பவில்லை. முன்னாலேயே சொன்னதுதான்; தெரிந்ததுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வலது பக்கம் சுற்றி வந்து, "என்னய்யா வேணும், இளநீ குடிக்கிறியா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் உச்சத்தில் இருந்தது. அந்தக் காது இடிபடக் கூடாது, அதன்மேல் படுக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஜெகதீஸ்வரன் ஏர்கூலர் வாங்கி வந்தார். கரண்டு போனால் அவளும் அவருமாக மாறி மாறி விசிறினார்கள். வேலியில் நிற்கும் ஆட்டுக்குட்டிகளைக்கூட முட்டிவிடும் என்று தள்ளிக் கட்டினார்கள். பையனைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இடது பக்கமாக வந்து நின்று, "அசல் காது மாதிரியே இருக்கே!" என்று ஆச்சரியப்பட்டார்கள். ஜெகதீஸ்வரன் வருகிறவர்களுக்கெல்லாம் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஒருநாள் காலையில் மருந்து தடவப் போன தங்கலட்சுமி, காதின் மேல் வளைவில் ஒரு இடம் கறுத்திருப்பதைப் பார்த்தாள். உளுந்து அளவுதான். மறுநாள் அந்த இடத்தில் தோல் விட்டுப்போய், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. தேங்காய்ப் பருப்பின் வெள்ளை. அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் முட்டை கொடுத்து வளர்த்த எலும்பு அது.

உடனே மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். "உங்க தப்பு இல்லம்மா, எங்க தப்பும் இல்ல. சில பேருக்குத் தோலு தாங்காது" என்றார் டாக்டரம்மா. மறுபடியும் ஆபரேஷன். காதின் மேல் பாதியில் வைத்திருந்த எலும்பு கெட்டுவிட்டது. அதை எடுத்துவிட்டு, மிச்சத்தை மூடத் தலைத்தோலுக்கு அடியிலிருந்து சவ்வும் தொடையிலிருந்து தோலும் எடுத்து வைத்தார்கள். கடைசியில் மதன்குமாருக்குக் கிடைத்தது, மேல் பகுதி சுருங்கி, கசக்கிவிட்டது போன்ற ஒரு காது. வலது விலாவுக்குக் கீழே நீளத் தழும்பு. தொடையில் ஒரு சதுரம்.

தங்கலட்சுமி தூங்காமல் ஒவ்வொரு நாளையும் திரும்ப நினைத்துப் பார்த்தாள். என்றைக்கு விசிறுவதை நிறுத்தினோம், என்றைக்குக் கண்ணசந்தோம் என்று. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. 'நான் அப்பவே வேணாம்னு சொன்னேன்ல' என்ற ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்து வந்து போனது. ஜெகதீஸ்வரனின் முகத்தைப் பார்த்தால் அதைச் சொல்ல முடியவில்லை. அவர் விடியும் முன்பே மானாவாரிக் காட்டுக்குப் போனார். மழையில்லாத காட்டில் என்ன வேலை இருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை. வீட்டில் இருக்கும்போது மகனுக்கு வலது பக்கமாகவே உட்கார்ந்தார், வலது பக்கமாகவே நடந்தார். இடது பக்கம் வந்துவிட்டால் தரையைப் பார்த்தார்.

"அப்பா ஏம்மா இந்தப் பக்கமே வரமாட்டேங்குறாக?" என்று மதன்குமார் ஒருநாள் கேட்டான்.

"ஒனக்கு அந்தப் பக்கந்தான நல்லாக் கேக்கும், அதான்."

அவன் நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

புரட்டாசியில் மறுபடி காட்டப் போனார்கள். டாக்டரம்மா தொட்டுப் பார்த்து, புண் நன்றாக ஆறிவிட்டது என்றார். "மதன், எங்கிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்று அவனிடமே கேட்டார்.

அவன் சட்டைப் பட்டனைக் கழற்றி, தழும்பில்லாத இடது நெஞ்சைக் காட்டினான்.

"இந்தப் பக்கம் இன்னும் எடுக்கலைல டாக்டர். இதுல எடுத்து முழுசா வச்சிருங்க."

"உனக்கு அப்படி ஆசையா?"

"எனக்கு வலிக்கும். பரவால்ல. அப்பா ரொம்ப வருத்தப்படுறாக."

ஜெகதீஸ்வரன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் வந்து, மகனுடைய சட்டையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தார். பட்டன் போடப் பார்த்தார். ஒரு பட்டனும் ஓட்டைக்குள் போகவில்லை. தங்கலட்சுமிதான் வந்து போட்டுவிட்டாள். அவர் வெளியே போய் வராந்தாவில், நடக்கிறவர்கள் சுற்றிப் போகும்படி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப எதுவும் வேணாம். பெரியவனானதும் அவனுக்கா வேணும்னு தோணுனா அப்பப் பாத்துக்கலாம். தோணலைன்னா வேண்டியதில்ல" என்றார் டாக்டரம்மா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். ஜெகதீஸ்வரன் மகனுக்கு இடது பக்கம் உட்கார்ந்தார். காரியாபட்டி தாண்டியதும் ஏதோ சொன்னார். பஸ் சத்தத்தில் பையனுக்குக் கேட்கவில்லை. அவன் வழக்கம்போலத் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினான்.

"ஒண்ணும் செய்ய வேணாம்யா. நீ எனக்கு இப்படியே போதும். அன்னைக்கே போதும்னு இருந்திருக்கணும்."

"சரிப்பா" என்றான் மதன்குமார். அவர் முழங்காலில் இரண்டு முறை தட்டிக்கொடுத்தான், பெரிய மனுஷன் மாதிரி.

தங்கலட்சுமி ஜன்னல் வழியாகத் தரிசையும் சீமைக்கருவேலையும் பார்த்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த வார்த்தையை இனிமேல் சொல்வதற்கு ஆளில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மனசு இலேசாகவில்லை. கோபத்துக்கும் இடமில்லாமல் போனதில் இன்னும் கனத்தது.

இப்போது அவன் ஏழாவது படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகள் காதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆபரேஷன் செய்தது என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுகிறான். தங்கலட்சுமி முன்போல யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. ஊரில் அதைச் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுகிறார்கள். அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லாமல் இல்லை. யாரோடு போடுவது என்றுதான் தெரியவில்லை.

இந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்து கண்மாயில் தண்ணீர் ஏறியது. பருத்திக்குக் களையெடுத்துவிட்டுக் கரை வழியாக வந்தவள், பையன்கள் குதித்து நீந்துவதைப் பார்த்தாள். எல்லாப் பையன்களும் வெறும் டவுசரோடு இருந்தார்கள். மதன்குமார் மட்டும் சட்டை போட்டிருந்தான், கழுத்து வரை பட்டன் பூட்டி.

"ஏய்யா, சட்டையக் கழத்திட்டுக் குளி. ஈரத்தோட நின்னாச் சளி புடிக்கும்" என்று கரையிலிருந்து கத்தினாள்.

அவன் தலையைத் திருப்பிக் கேட்டான். காதில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டான். நெஞ்சோடு ஒட்டிய சட்டையை ஒரு கையால் இழுத்துவிட்டான்.

"இருக்கட்டும்மா" என்றான். பிறகு தண்ணீருக்குள் முங்கினான். அவன் எழும்பி வரும்வரை தங்கலட்சுமி கரையிலேயே நின்றாள்.